மூன்றாம் நாள், செவில்

அல்சூர் ஏரிக்குப் பின்சந்து. இரவு ஒன்பதே கால்.
ஒரு தட்டு இட்லி, ஒரு வடை, சாம்பார் தனியாக.
டோக்கனைக் கொடுத்துவிட்டு நிற்கிறேன்.
தர்ஷினியில் நாற்காலி கிடையாது.
மார்பளவு உயரத்தில் வட்டமாய் ஓர் எவர்சில்வர் மேசை,
அதில் என் ஹெல்மெட், அதன்மேல் சாய்த்துவைத்த போன்.

போனில் சென்னியப்பன்.
பெருந்துறை, மஞ்சள் மண்டி,
ஏழு பகல் ஆறு இரவு, இரண்டு பேர், சுத்த சைவம்.
"ஏனுங் அம்மிணி, ஒரு கடையும் இல்லீங்க.
நாலே முக்காலுக்கே அடுப்பை அணைச்சுப்போட்டு
எட்டரைக்கு வான்னு கை காட்டறானுங்க.
பாவாத்தா மாத்திரை போடோணும்."

நான் கொடுத்த தாளில், ஆறாம் பக்கம், தடித்த எழுத்தில்:
மதிய உணவை நான்கு மணிக்குள் முடிக்கவும்.
அதற்கு முந்தைய பக்கத்தில்:
தெருவோர ஆரஞ்சு அழகுக்கு மட்டும். கசக்கும்.
"அதுல ஒண்ணைத் தின்னுட்டுத்தானுங்
மூஞ்சியச் சுளிச்சிட்டு உக்காந்திருக்கறா."

கோபுரத்துக்கு முதுகைக் காட்டுங்கள் என்றேன்.
ஆறு வரும்வரை நேரே. பிறகு வலது.
மஞ்சள் விளிம்பு போட்ட காளைச்சண்டை அரங்கம் வரும்,
பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.
இரும்புப் பாலம். தாண்டுங்கள்.
மருந்துக்கடையின் பச்சைச் சிலுவைக்கு அப்பால்
இரண்டாவது கதவு.

ஒன்பது வருடமாக அந்தத் தெருவில் நடக்கிறேன், விரலால்.
திரைக்குள் அங்கே எப்போதும் ஜூன் மாத வெயில்.
முகத்தை மங்கலாக்கிய ஒரு பையன்
சைக்கிளின் ஒரு பெடலை அழுத்தியபடி
இன்னும் தெருவைக் கடக்கவில்லை.

அவர்கள் நடக்கிற சத்தத்தில்
வடையைச் சாம்பாரில் போட மறந்தேன்.

"போனைக் கடைக்காரரிடம் கொடுங்கள்."
சின் கார்னே, சின் ஹமோன், சின் அத்தூன்.
கல்லாக்காரர் தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தார்.
மறுமுனையில் வாலே, வாலே.
பிறகு கொஞ்சநேரம் ஒன்றுமில்லை.
பிறகு பாவாத்தாளின் குரல், இந்தப் பயணத்தில் முதல்முறையாக:
"கீரையும் கொண்டக்கடலையும்ங்க!
சீரகம் போட்டிருக்கறான்!
எல்லாரும் நின்னுட்டேதான் திங்கறாங்க.
கணக்கைச் சாக்பீஸ்ல மேடையிலயே எழுதிப் போடறான்."

சென்னியப்பன் போனை வாங்கினார்.
"நீங்க வந்தப்ப எங்க நின்னீங்க, அம்மிணி?"

பணம் கட்ட வந்த அன்று சொல்லியிருந்தேன்,
செவிலுக்கு நான்கு தடவை போயிருக்கிறேன் என்று.
மேனேஜர் எபினேசர் சொல்லச் சொன்னது இரண்டு.
என் பாஸ்போர்ட்டில் என் முகம் இருக்கிறது,
பழைய மூக்குத்தியோடு. மற்றதெல்லாம் வெள்ளை.

"கதவோரம்," என்றேன்,
"தூணுக்குப் பக்கத்தில். வட்டமேசை, எவர்சில்வர்."
"தூணு இருக்குதுங்க. மேசை கல்லுங்க."
"மாற்றியிருப்பார்கள்."
"நானும் அதையேதான் நெனச்சேன்.
பாவாத்தா, இப்படி வா. அம்மிணி நின்ன எடம்."

அணைக்காமலே போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.
நானும் அணைக்கவில்லை.
தட்டுகள். யாரோ இருமியது. ஒரு நாற்காலி இழுபடும் சத்தம்
(ஆக, நாற்காலியும் இருக்கிறது).
சாக்பீஸ் கீறுவது கேட்டதாகச் சொன்னால்
அது நானாகச் சேர்த்தது.
"இன்னொரு தட்டு கேளுங்க."
"என்னன்னு சொல்லிக் கேக்கறது?"
விரலை நீட்டியிருப்பார்.

துடைக்கிற பையன் ஈரத்துணியோடு வந்தான்.
மேடம், ஸ்வல்ப கை.
கையை எடுத்தேன், ஹெல்மெட்டை எடுத்தேன்.
சாம்பார் கிண்ணத்தைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனான்.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
குனிந்து வெளியே வரும்போதும் காதில் அந்தக் கடை.
யாரோ எதையோ நீட்டி, ஹமோன், என்கிறார்கள்.
பாவாத்தா, கணீரென்று:
"சின்."